மலை இல்லாத ஆல்பம்

அக்காவின் இடது கை இசைத்தட்டின் மேல் நிற்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தட்டை முன்னும் பின்னும் இழுத்துக் கிறீச்சிட வைப்பாள். பிறகு சட்டென்று கையை எடுத்துவிட்டு எதற்கோ காத்திருப்பாள். எதற்கென்று நான் கேட்டதே இல்லை.

அவள் என் பெரியப்பா மகள். செஞ்சியில் பெரியப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணத்துக்கும் காது குத்துக்கும் பாட்டுப் போட்ட பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று பரணில் கிடந்தது. அதை இறக்கிச் சரிசெய்து, தட்டைக் கையால் இழுத்து வாசிக்கத் தானே பழகிக்கொண்டாள். நான் கிட்டார், என் நண்பன் டிரம்ஸ். கிட்டார் இடி மாதிரி இறங்க வேண்டும், நடுவில் முணுமுணுக்க ஒரு மெட்டு வேண்டும், இரண்டுக்கும் இடையே அக்காவின் தட்டு புகுந்து கலாட்டா செய்ய வேண்டும். ஆல்பத்துக்கு மொத்தம் எட்டுப் பாட்டு. "இன்னாடா இது, லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இருக்குது" என்றார் பெரியப்பா. ஆனாலும் மொட்டை மாடியையும் குழாய் ஸ்பீக்கரையும் கொடுத்தார்.

அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குழாயை எந்தப் பக்கமும் கட்டலாம், ராஜகிரி மலையைப் பார்த்து மட்டும் கட்டக் கூடாது. மலை சத்தத்தைத் திருப்பி அனுப்பும், பாட்டு குழம்பிவிடும். பதிவு செய்த அன்று அக்கா மலையைப் பார்த்துத்தான் கட்டியிருந்தாள். கீழே கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த எனக்கு, ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால் எதிரொலி கேட்டது. மைக் செட் வீட்டில் வளர்ந்தவள் இப்படிச் சொதப்புவாளா என்று எரிச்சல் வந்தது. அவளைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று, பெரிய மனுஷத்தனமாக நானே சரிசெய்தேன். சென்னையில் என் அறையில் உட்கார்ந்து எதிரொலியை எல்லாம் வெட்டினேன், நடுவில் விழுந்த இடைவெளிகளை இழுத்து மூடினேன். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று வெட்டாத பழைய பதிவையும் அழித்தேன். எனக்கு எப்போதுமே அவசரம்.

ஆல்பத்தை இணையத்தில் ஏற்றிய பிறகுதான் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது பாட்டிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

"மலை எங்கடா?" என்றாள். "நான் ஒண்ணு வாசிச்சேன், அது ஒண்ணு வாசிச்சிது. அது வரட்டும்னுதான் நிறுத்தி நிறுத்தி வாசிச்சேன். அதைப் போய் தூக்கிட்டியே."

இன்றைக்கும் யாராவது அந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு எழுதுகிறார்கள். தட்டு வாசித்தவர் கை என்ன சுத்தம் என்கிறார்கள். படித்ததும் என்னால் உட்கார முடிவதில்லை, எழுந்து அறைக்குள்ளேயே நடக்கிறேன். போன மாதம் தாங்க முடியாமல் செஞ்சிக்கு பஸ் ஏறிவிட்டேன். மைக் செட்டை இப்போது அவள்தான் நடத்துகிறாள். மறுபடி மாடியில், மலையைப் பார்த்தே பதிவு செய்யலாம், இந்த முறை ஒன்றையும் தொட மாட்டேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் ஒயரைச் சுற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கோவம்லாம் இல்லடா. இப்பவும் மேல போயி வாசிக்கிறேன். உன்கிட்ட குடுக்க மாட்டேன், அவ்ளோதான்" என்றாள். குரலில் துளிக்கூடக் கடுமை இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"சாப்டியா?" என்று கேட்டாள்.

காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிட்டேன் என்றேன்.