பதினெட்டு மூட்டை மண்

செஞ்சியில் நாங்கள் ஆறு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம் மண் என்று ஒன்று கிடையாது. மலையடிவாரத் தெரு அது. பாறை தெருவுக்கு அடியிலேயே ஓடிவந்து எங்கள் கொல்லையில் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். அங்கங்கே நாலு விரல் கனத்துக்குச் சரளை, உடைந்த ஓடு, வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்டுக் கழிவு, அவ்வளவுதான். குடிவந்த புதிதில் முருங்கைக் கொம்பு ஒன்று நடலாம் என்று கடப்பாரையால் குத்தினேன். டங்கென்று சத்தம் வந்து தோள்பட்டைவரை அதிர்ந்தது. முன்பக்கம் இருந்த வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார்.

"அங்க புல்லே மொளைக்காது பொண்ணு. துணி காயப்போடத்தான் ஆவும்."

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஆகாது என்று யாராவது சொல்லிவிட்டால் அதைச் செய்து முடிக்கிறவரை வேறு வேலை ஓடாது. கீழே தோண்ட முடியவில்லை என்றால் மேலே கட்டிக்கொள்ள வேண்டியதுதானே? கொல்லையில் கிடந்த கருங்கல் துண்டுகளை ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி, ஆள் நீளத்தில் இரண்டு மேட்டுப்பாத்திகள் கட்டினேன். கல் அடுக்க நான்கு நாளானது. அதில் நிரப்ப மண் சேர்க்க இரண்டு வருடமானது.

என் கணவர் குட்டியானை ஓட்டுகிறார். காய்கறி, சிமெண்டு, கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எந்த லோடு கிடைத்தாலும் ஏற்றுவார். திரும்பும்போது வண்டி காலியாகத்தானே வருகிறது என்று நான் பிடித்துக்கொண்டேன். ஏரி தூர்வாரியபோது வண்டல், அவலூர்பேட்டை பக்கம் போனால் மாட்டுச் சாணம், மில்லில் சும்மா தள்ளிவிடுகிற மல்லாட்டைத் தோல். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம்.

"ஊர்ல எல்லாரும் வூட்டுக்காரன நகை வாங்கியாடான்னு கேப்பாங்க. நீ சாணி வாங்கியாறச் சொல்ற" என்பார். ஆனால் ஒருநாளும் வாங்காமல் வந்ததில்லை.

முதல் வருடம் புத்தி இல்லாமல் வெறும் வண்டலை மட்டும் கொட்டி நிரப்பிவிட்டேன். பார்க்கக் கறுப்பாக, அல்வா மாதிரி இருந்தது. பங்குனி வெயிலில் அது இறுகித் தளக்கல் போட்டதுபோல ஆகி, விரல் நுழைகிற அளவுக்கு வெடித்தது. வெண்டை முளைவிட்டு அதிலேயே கருகியது. அத்தனையையும் மறுபடி வெட்டி எடுத்து, கட்டியை உடைத்து, மல்லாட்டைத் தோலும் சாணமும் கலந்து, ஒரு மழைக்காலம் முழுக்க ஊறவிட்டேன். அப்புறம்தான் அது மண்ணானது. கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்கும், தட்டினால் உதிரும்.

தக்காளியைக் கோட்டைக் குரங்குகள் விடவில்லை. பழுக்கிறவரை பொறுமையாக மதில்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். எனக்கு வயிறு எரியும். கடைசியில் முள் கத்திரிக்கு மாறினேன். காம்பெல்லாம் முள்ளாக இருந்ததால் ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. வாரம் இரண்டு கிலோ வந்தது. முதல் பறிப்பு எப்போதும் வீட்டுக்காரம்மாவுக்கு. அவரும் கூச்சப்படாமல், "போன வாரத்துத விட இது பிஞ்சா இருக்குது" என்று குறை நிறை சொல்லித்தான் வாங்கிக்கொள்வார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் தளவானூரில் பிறந்தவள். என் நைனா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில்தான் ஏர் ஓட்டினார். எங்கள் குடும்பத்தில் யார் பேரிலும் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. அந்த இரண்டு பாத்தி மண்தான் என்னுடையது என்று நான் சொல்லிக்கொண்ட முதல் மண். காலையில் எழுந்ததும் போய் அதைத் தொட்டுப் பார்ப்பேன். பைத்தியம் என்று யாராவது சொன்னாலும் சொல்லட்டும்.

ஆறாவது வருடம் வீட்டுக்காரம்மா காலி செய்யச் சொன்னார்.

"பையன் குடும்பத்தோட இங்கியே வந்துடறன்னு சொல்றான். பின்போர்ஷன் வேணும். மனசுல வெச்சிக்காத" என்றார்.

அவர் வீடு, அவர் கேட்கிறார். அதில் எனக்குக் கோபம் இல்லை. திண்டிவனம் சாலையில் ஒரு வீடு பார்த்தோம். அங்கே கொல்லை முழுக்கச் சிமெண்டுத் தரை. மண்ணையும் எடுத்துக்கொண்டு போவது என்று நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு லோடு இருக்காது. அதனால் வெள்ளிக்கிழமை வீடு மாற்றினோம். முதல் நடையில் சாமான் போயிற்று. இரண்டாவது நடைக்கு மண்ணை மூட்டை கட்டினேன். பதினெட்டு மூட்டை. பதினாறு ஏற்றியாகிவிட்டது. அப்போதுதான் வீட்டுக்காரம்மா கோயிலிலிருந்து அர்ச்சனைக் கூடையோடு வந்தார். வண்டியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இன்னாது இது? வெள்ளிக்கெழம அதுவுமா வூட்டு மண்ணை வாரிக்கினு போறியே, எங்க வூடு வெளங்குமா?"

"இது உங்க வூட்டு மண்ணு இல்லக்கா. நான் கொண்டாந்தது."

"எங்க எடத்துல இத்தினி வருஷம் கெடந்திச்சில்ல? அப்ப எங்க வூட்டு மண்ணுதான். சாமானை எடுத்துக்கினு போ. மண்ணை எறக்கி வெச்சிட்டுப் போ" என்று வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். எதிர்வீட்டு வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

உழுகிறவன் ஒருத்தன், நிலம் இன்னொருத்தனுடையது என்று நைனா வாழ்ந்துவிட்டுப் போனார். எனக்குமா அது? உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்துவந்தேன். கல் சந்துகளில் ஒட்டியிருந்ததைக்கூட விடாமல் இரண்டு பாத்தியையும் பாறை தெரியப் பெருக்கினேன். பெருக்கியதைக் கடைசி மூட்டையில் அள்ளிப் போட்டுக் கட்டினேன். அப்புறம் கடப்பாரையை எடுத்துப் பாறைமேல் ஒரு குத்து.

"இதோ இருக்குது பாருங்க உங்க வூட்டு மண்ணு. பத்திரமா வெச்சிக்குங்க."

அவர் வண்டி முன்னாலிருந்து விலகினார். கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஒரு கூடையாவது வுட்டுட்டு வந்திருக்கலாம்" என்றார் என் கணவர், வண்டியில்.

"எதுக்கு வுடணும்?" என்றேன்.

புது வீட்டில் சிமெண்டுத் தரைமேல் ஹாலோ பிளாக் வைத்துப் பாத்தி கட்டினேன். கத்திரி நன்றாகவே காய்த்தது. முதல் பறிப்பை யாருக்குக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் யாரோடும் இன்னும் பழகியிருக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கப் பழைய தெருவுக்குப் போனேன். பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. வீட்டுக்காரம்மா கொல்லையில் குந்தி உட்கார்ந்து, நான் அடுக்கிய கல்லுக்குள் எதையோ அரிவாள்மணையின் பின்பக்கத்தால் உடைத்துக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். தெருக்கால்வாய் தூர்வாரிப் போட்ட மண். பாத்தியில் கால்வாசிதான் இருந்தது, அதுவும் கல்லாக இறுகிக் கிடந்தது. நடுவில் இரண்டு கத்திரி நாற்று, காய்ந்து குச்சியாக.

"வா" என்றார், நேற்றுப் பார்த்தவரைப்போல. "மண்ணு கட்டி கட்டியா ஆயிடுது. நீ இன்னா கலந்த?"

சொன்னேன். பின்போர்ஷன் பூட்டியிருந்தது. பையன் எங்கே என்று கேட்டேன்.

"வரல. மருமவளுக்கு அங்கியே வேலை கெடச்சிடுச்சாம்." மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ போனதும் இந்தப் பாறையைப் பாக்கவே புடிக்கல. அதான்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தத் துடைப்பம்தான் கண்முன்னே நின்றது. ஒரு கூடை விட்டிருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? நின்று பேச முடியாமல் வந்துவிட்டேன்.

அந்த வாரம் வண்டி சும்மா இருந்த நாளில் ஆறு மூட்டை ஏற்றச் சொன்னேன். என் கணவர் எதுவும் கேட்காமல் ஏற்றினார். மூட்டைகளைக் கொல்லையில் இறக்கியதும் வீட்டுக்காரம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழம ஆச்சே. உங்க வூட்டு மண்ணை எடுத்தாந்து வெளிய குடுக்கறியே, உனக்கு ஆவுமா?"

"எங்க வூட்டு மண்ணு இல்லக்கா. இங்க இருந்து போனதுதான்" என்றேன். "உங்க வூட்டு மண்ணு."

அவர் குனிந்து மூட்டையின் இன்னொரு முனையைப் பிடித்தார்.