பலகாரம் சுட்ட எண்ணெய்

திருவண்ணாமலையில் திருவூடல் தெருவுக்குப் பின்பக்கம் ஒரு சந்து. அதில் ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு, பொதுவாக ஒரு சாக்கடை. ஒரு வீட்டில் பஸ் கண்டக்டர் சின்னசாமியும் அவர் மனைவி திரௌபதியும் இருந்தார்கள். பக்கத்து வீட்டில் சகாதேவனும் அவர் மனைவி சந்திரகலாவும். சகாதேவனுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகள் ஏலம் போகிற கமிட்டியில் எழுத்தர் வேலை. எழுபத்தேழாம் வருஷம், தீபாவளி முடிந்த வாரத்தில், அந்தச் சாக்கடை அடைத்துக்கொண்டது.

அடைத்தது திரௌபதியின் எண்ணெய்தான். அவள் பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பாவுக்கு மல்லாட்டைதான் வெள்ளாமை. மில்லில் ஆட்டிய எண்ணெய் டின் டின்னாக மகள் வீட்டுக்கு வந்துவிடும். தீபாவளிக்கு அதிரசம், முறுக்கு, சுழியம். அது முடிந்த கையோடு கார்த்திகை தீபம் வரும். தீபம் பார்க்க ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் இவள் வீட்டில்தான் இறங்குவார்கள். வாணலியை அடுப்பிலிருந்து இறக்கவே நேரம் இருக்காது.

சின்னசாமி சாப்பாட்டில் எந்தக் குறையும் சொல்லாதவர். ஒன்றே ஒன்றுதான் அவருக்கு ஆகாது. ஒரு தரம் பலகாரம் சுட்ட எண்ணெயில் மறுபடி சுட்டால் ஒரு வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

"தொண்டை கமறுது திரௌபதி. நாளெல்லாம் கத்தி டிக்கெட் போடறவன் நானு. பழைய எண்ணெ வேணாம்."

அதனால் கறுத்துப்போன எண்ணெயை அவள் கொல்லைப்பக்கம் சாக்கடையில் ஊற்றிவிடுவாள். அது எங்கே போகிறது என்று அவளும் கேட்டதில்லை, யாரும் சொன்னதில்லை.

அன்று சகாதேவன் மூங்கில் கழியை விட்டுக் குத்திக் குத்தி அடைப்பை எடுத்தார். வெளியே வந்தது இரண்டு கை கொள்ளாத ஒரு கட்டி. வேட்டியெல்லாம் சேறு.

"இன்னாம்மா ஊத்துறீங்க இதுல?" என்றார் திரௌபதியிடம். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் ட்யூட்டி முடிந்து வந்த சின்னசாமி காதில் அது வேறு மாதிரி விழுந்தது. பொதுச் சாக்கடையில் என் வீட்டுக்காரி ஊற்றக்கூடாதா என்று இவர் கேட்க, அப்போ நீங்களே குத்தி எடுங்க என்று அவர் சொல்ல, அதோடு இரண்டு ஆண்களுக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

மறுநாள் காலையில் அந்தக் கட்டியை வாரிக் கொட்டலாம் என்று முறத்தோடு போன திரௌபதி, வாராமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் ஊற்றியது கறுப்பு எண்ணெய். இது வெளுத்துப்போய், மெழுகு மாதிரி இருந்தது. குச்சியால் கீறினால் சீவல் சீவலாக வந்தது. எண்ணெய் இப்படி ஆகுமா?

தண்ணீர் இறைக்க வந்த சந்திரகலா பார்த்தாள். ஆண்கள் பேசாவிட்டால் பெண்களும் பேசக்கூடாது என்று அவளுக்குத் தோன்றவில்லை. அவளும் பக்கத்தில் குந்தினாள்.

"இன்னாக்கா பாக்குறீங்க?"

"நான் எண்ணெதான் ஊத்தினேன். இது எங்கேர்ந்து வந்துச்சின்னு பாக்குறேன்."

சந்திரகலா பி.யூ.சி. வரை படித்தவள். கொஞ்சம் யோசித்தாள். "நாம சாம்பல் போட்டுத்தானே பாத்திரம் தொலக்குறோம். வெள்ளையடிச்ச சுண்ணாம்புத் தண்ணியும் இதுலதான் போச்சி. எண்ணெயோட அந்த மாதிரி எதையாவது சேத்தா சவக்காரம், அதான் சோப்பு, ஆகும்னு படிச்ச ஞாபகம்."

திரௌபதி ஒரு துண்டை எடுத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். வழுக்கியது. நுரை மட்டும் வரவில்லை. நாற்றம் குடலைப் பிடுங்கியது. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனவளுக்கு அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் சாக்கடையில் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. பழைய எண்ணெயை ஒரு தகர டின்னில் சேர்த்து வைத்தாள். வைத்தபின், இதை என்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.

முதலில், ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டகையாக இருந்து விறகு போடும் இடமாக மாறிய பின்கட்டில் அகல் ஏற்றினாள். சாமி விளக்குக்கு இதை ஊற்ற அவளுக்கு மனம் வரவில்லை, வெளிச்சத்துக்குத்தானே என்று பின்கட்டோடு நிறுத்திக்கொண்டாள். விளக்கு நன்றாகவே எரிந்தது. வீடு முழுக்க முறுக்கு வாசனை. காலையில் போய்ப் பார்த்தால் அகலில் திரியைக் காணோம். மூன்று நாளும் அப்படியே. நான்காம் நாள் விறகுச் சந்தில் ஒரு எலி பாதித் திரியோடு உட்கார்ந்திருந்தது.

அடுத்தது கிணற்று ராட்டினம். அது சுற்றும்போது போடுகிற கிரீச் சத்தம் சந்து முழுக்கக் கேட்கும். ஒரு சாயங்காலம் அதன் அச்சில் எண்ணெயை விட்டாள். சத்தம் சுத்தமாகப் போயிற்று. சந்திரகலாவுக்கு ஆச்சரியம், விடியற்காலையில் அவள் எப்போதும்போல் தண்ணீர் இறைத்துக்கொண்டு போனாள், ஒரு ஓசை இல்லை. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் சின்னசாமி தினமும் எழுந்து கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. வேலூர் போகும் முதல் பஸ் அவர் இல்லாமல் நின்றது. டிப்போவில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர் கிணற்றடியில் நின்று ராட்டினத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது இன்னாத்துக்கு சும்மா இருக்குது?"

"நாந்தான் எண்ணெ விட்டேன்."

"எதுக்கு?"

"என்னா ஆவுதுன்னு பாக்கத்தான்."

அவருக்குக் கோபப்படக்கூடத் தெரியவில்லை. மறுநாளே ஒரு அலாரம் கடிகாரம் வாங்கி வந்தார். ராட்டினத்தின் அமைதியும் அதிக நாள் நீடிக்கவில்லை. எண்ணெய் பிசின் மாதிரி இறுகி, தூசியெல்லாம் ஒட்டி, எறும்பு வரிசை கட்டிக்கொண்டு ஏறியது. கடைசியில் அரப்புத் தூள் போட்டுத் தேய்த்துத்தான் அதைச் சுத்தம் செய்ய முடிந்தது. சமைத்த எண்ணெய் ஏன் இறுகுகிறது, சமைக்காத எண்ணெய் விட்டிருந்தால் இறுகுமா என்று திரௌபதி கேட்டாள்.

"சவக்காரமே பண்ணிப் பாத்துடலாம்கா" என்றாள் சந்திரகலா.

பெயிண்டும் சுண்ணாம்பும் விற்கிற கடையில் காஸ்டிக் சோடா கிடைத்தது. கையில் படாமல் எடுங்கம்மா, தோலை உரிச்சிடும் என்று கடைக்காரர் இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தார். சந்திரகலா தன் வீட்டிலிருந்து ஒரு பெரிய அலுமினியக் குண்டானைக் கொண்டு வந்தாள். அதில் தண்ணீர் ஊற்றி, சோடாவைக் கொட்டினார்கள்.

அடுப்பில் வைக்கவில்லை, ஆனாலும் தண்ணீர் கொதித்தது. திரௌபதி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பிறகு அது பொங்கவும் தொடங்கியது. குண்டானின் உள்பக்கம் கறுத்து, புகை மாதிரி ஏதோ கிளம்பி, மூக்கு எரிந்தது. இரண்டு பேரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஓடினார்கள். அடங்கியபின் வந்து பார்த்தபோது குண்டானின் அடியில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. தண்ணீர் எல்லாம் மண்ணில் இறங்கிவிட்டிருந்தது.

அது சகாதேவனின் அம்மா மருமகளுக்குக் கொடுத்த குண்டான்.

சாயங்காலம் சகாதேவன் வந்தார். சந்திரகலா எதையும் மறைக்கவில்லை. அவர் குண்டானைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டைக்குள் விரலை விட்டு விட்டு எடுத்தார். கத்துவார் என்று திரௌபதி கதவோரம் நின்று பயந்துகொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து சின்னசாமியும் ட்யூட்டி முடிந்து கொல்லைக்கு வந்தார்.

"இங்க பாருங்க" என்றார் சகாதேவன். பேச்சு நின்றுபோனது அவருக்கு மறந்தே போயிருக்க வேண்டும். "தண்ணியும் சோடாவும்தான் போட்டாங்களாம். அலுமினியத்தைத் தின்னுட்டுது."

சின்னசாமி குண்டானை வாங்கித் தானும் விரலை விட்டுப் பார்த்தார். "இரும்பா இருந்தா?"

"தெரியலையே. மண் சட்டின்னா ஒண்ணும் ஆவாதுன்னு நெனைக்கிறேன்."

இருவரும் வெகுநேரம் அந்த ஓட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அடுத்த தடவை மண் சட்டி. முதல் ஈடு கொழகொழவென்று எண்ணெய் மிதந்துகொண்டே நின்றது, சோடா கம்மி. இரண்டாவது ஈடு கல் மாதிரி இறுகியது. அதில் துணி துவைத்த திரௌபதிக்கு உள்ளங்கை உரிந்து ஒரு வாரம் சாதம் பிசைய முடியவில்லை, சோடா ஜாஸ்தி. அதற்குப் பிறகு அவள் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். இறுகின கட்டியை நாக்கு நுனியில் லேசாக வைத்துப் பார்ப்பாள். சுருக்கென்று கடித்தால் இன்னும் சில நாள் பரணில் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவாள்.

"நாக்குலயா வெச்சிப் பாக்குற?" என்று சின்னசாமி அரண்டு போனார்.

"கையில வெச்சாத் தெரியறதுக்குள்ள தோல் போயிடுதுங்க. நாக்கு உடனே சொல்லிடுது."

மூன்றாவது ஈடு சரியாக வந்தது. கேழ்வரகுக் கூழ் பதத்துக்குக் குச்சியால் கிண்டி, கொட்டாங்குச்சிகளில் ஊற்றி வைத்தாள். காய்ந்ததும் பழுப்பு நிறத்தில் அரை உருண்டைகளாகக் கழன்று வந்தன. சின்னசாமியின் காக்கிச் சட்டைக் காலரில் தேய்த்தபோது நுரை வந்தது. கொஞ்சம்தான், ஆனால் வந்தது. திரௌபதி அந்த நுரையைக் கையில் ஏந்திக்கொண்டு போய் சந்திரகலாவிடம் காட்டினாள்.

அந்த ஈட்டில் எண்ணெயை வடிகட்ட மறந்துவிட்டார்கள். முறுக்குத் தூள் அங்கங்கே கறுப்புக் கறுப்பாகத் தெரிந்தது. துவைகல்லில் வைத்த உருண்டையை ஒரு காக்கை தூக்கிக்கொண்டு போய், எதிர்வீட்டு ஓட்டின் மேல் உட்கார்ந்து கொத்தி, வாயெல்லாம் நுரையாகித் தலையை உதறியது. சகாதேவன் அன்று ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்பதையும் மறந்து நின்று பார்த்தார். அதிலிருந்து பழைய வேட்டித் துணியில் வடிகட்டின பிறகுதான் காய்ச்சுவது.

எண்பதுகளில் அந்தச் சந்தில் யாரும் பழைய எண்ணெயைக் கீழே ஊற்றுவதில்லை. தீபாவளி முடிந்ததும் கிண்ணத்திலும் பாட்டிலிலும் கொண்டு வந்து திரௌபதி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். தை மாதத்தில் ஆளுக்கு இரண்டு உருண்டை திரும்பிப் போகும். விற்கலாமே என்று சிலர் சொன்னார்கள். விற்றால் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர வேண்டும், எனக்கு ஒரே மாதிரி வராது என்று சிரித்துவிடுவாள். உண்மையில் அவளுக்கு ஒரே மாதிரி வருவதில் ருசியே இல்லை.

ரேஷன் கடையில் பாமாயில் வந்தபோது அவளுக்கு ஒரு புது வேலை கிடைத்தது. பலகாரம் சுட்ட பாமாயில் மல்லாட்டை எண்ணெயைவிடச் சீக்கிரம் இறுகி, தட்டினால் ஓசை வருகிற அளவு கெட்டியாக நின்றது. நல்லெண்ணெய் கலந்த வீட்டு எண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் அமுங்கியது. இதையெல்லாம் அவள் சந்திரகலாவிடம் சொல்லும்போது, தன் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரின் குணத்தைச் சொல்வது மாதிரி இருக்கும்.

எண்பத்தைந்தாம் வருஷமோ அடுத்த வருஷமோ, சின்னசாமி ட்யூட்டிக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவள் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். அப்பா வீட்டிலிருந்து வந்த புது எண்ணெய் டின்னைத் திறந்து, ஒரு படி எண்ணெயை அப்படியே சட்டியில் ஊற்றினாள். ஒரு பலகாரமும் சுடாத எண்ணெய். அதை வீணாக்குகிறோம் என்று உறுத்தியது. ஆனால் சுடாத எண்ணெய் எப்படி இறுகும் என்று பார்க்காமல் இத்தனை வருஷம் இருந்ததே பெரிது என்றும் தோன்றியது.

சோடா சேர்த்து இறுகிய உருண்டைகளைப் பரணில் தட்டுமுட்டுச் சாமான்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் பழைய பெட்டியைத் தேடிய சின்னசாமி அதை எடுத்துவிட்டார். வெண்ணெய் நிறத்தில், எந்த வாசனையும் இல்லாத உருண்டை.

"இது எதுல பண்ணது?"

"புது எண்ணெயில."

அவர் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல எண்ணெயை இப்படிப் பண்ணிட்டியே என்று சொல்வார் என நினைத்தாள் திரௌபதி. அவர் சட்டையைக் கழற்றி கிணற்றடிக்குப் போய், பரண் தூசி படிந்த தன் கைகளில் ஒன்றுக்கு அதையும் மற்றதுக்குப் பழைய பழுப்பு உருண்டையையும் தேய்த்தார். திரௌபதி பக்கத்தில் வந்து குனிந்து நின்றாள்.

"வெள்ளையில நுரை ஜாஸ்தி" என்றார் அவர்.

"அழுக்கு?"

அவர் இரண்டு கையையும் தண்ணீரில் அலசி அவள் முன் நீட்டினார். திரௌபதி ஒன்றை ஒன்றோடு வைத்து, வெயிலில் திருப்பி, நகக்கண்ணைக்கூட விடாமல் பார்த்தாள்.

"தெரியல" என்றாள். "இன்னொரு தரம் தேய்ங்க."