ஓடக்காரன் அட்டை

டிகிரி முடித்த கையோடு சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். மத்தியானம் ஆனால் கரண்ட் போய்விடும். யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கீச்சிட்டுவிட்டு அடங்கும். படிக்க வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் நாலு பேர் மட்டும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். நான், ரிசப்ஷனில் இருந்த என் வயது இன்னொரு பெண், மெஷின் ரிப்பேர் பார்க்கத் திருமுக்கூடலிலிருந்து வரும் அண்ணன், இன்டர்நெட் வகுப்பு எடுத்தவர். கடைசி ஆளை எல்லோரும் நெட் சார் என்றே கூப்பிட்டார்கள்.

நெட் சாருக்கு அவருடைய அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி நிறைய விளையாட்டு அட்டைகள் அனுப்பியிருந்தார். டிராகன், சூனியக்காரி, கல்லால் ஆன ராட்சசன் என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம், மூலையில் அதன் பலத்தைச் சொல்லும் எண். அடியில் கறுப்பின்மேல் மங்கிய தங்க நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ எழுதியிருக்கும். "அதெல்லாம் கதை. நம்பரைப் பார்த்தா போதும்" என்று நெட் சார் சொல்லிவிட்டார். அட்டைகளைப் பிரித்துக்கொண்டோம். இரண்டிரண்டு பேராக ஆடுவோம். ஆளுக்கு ஒன்று வைக்க வேண்டும், எண் குறைந்தது செத்துப்போகும், அட்டை முதலில் தீர்ந்தவர் தோற்றவர். ஆட்டத்தில் ஜெயித்தவர், தோற்றவர் கையிலிருந்து விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம்.

ஓடக்காரன் என்று ஓர் அட்டை. காலி ஓடத்தில் துடுப்போடு நிற்கும் கிழவன். பலம் பூஜ்யம். நாலு பேருக்கும் ஒவ்வொன்று வந்திருந்தது. "பாலாத்துலயே தண்ணி இல்ல, இவன் எங்கபா ஓட்டப்போறான்?" என்று திருமுக்கூடல் அண்ணன் தன்னுடையதை டீ கிளாஸுக்கு மூடியாக வைத்துக்கொண்டார்.

ஒருநாள் ரிசப்ஷன்காரி அவரை ஜெயித்தாள். அவரிடம் நெருப்பு டிராகன் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. கிளாஸின் மேலிருந்த ஓடக்காரனை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, பைத்தியமா உனக்கு?"

"படம் நல்லா இருக்குதுண்ணா."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூக்காரியிடம் ஒரு முழத்துக்கு நாலு தரம் அளந்து பார்க்கிறவள் அவள். படத்துக்காக டிராகனை விடுகிற ஆள் இல்லை. அடுத்த வாரம் நெட் சாரை ஜெயித்தபோதும் ஓடக்காரனைத்தான் எடுத்தாள். அன்றிலிருந்து நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். அவள் நெட் சாரிடம் ஏதாவது கேட்டால் இவர்கள் கூட்டா என்று நினைப்பேன். அவள் சும்மா ஜன்னலைப் பார்த்தால் ஏன் பார்க்கிறாள் என்று யோசிப்பேன்.

பிறகு சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புளிச்சக்கீரையில் அரைத்த தன் வீட்டு கோங்கூரா பச்சடியை எடுத்து என் டப்பாவில் வைத்தாள்.

"உங்கிட்ட இருக்கிற கிழவனைக் குடு. என் சூனியக்காரியைத் தரேன்."

"எதுக்கு?"

"நாலும் சேர்ந்தா செட்டா இருக்குமில்ல?"

தரமாட்டேன் என்றேன். பச்சடியைக்கூட யோசித்துத்தான் சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் ஓடக்காரனை வீட்டுக்கு எடுத்துப்போனேன். அப்பா சேலையில் இழை எண்ணிப் பார்க்கும் சின்னப் பூதக்கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதை அட்டையின்மேல் வைத்தேன். "என்னமா அது, சீட்டா? சென்டர்ல சீட்டு ஆடுறீங்களா?" என்று அப்பா முகம் மாறினார். குழந்தைகள் விளையாட்டு என்று சொல்லியும் அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

கண்ணாடிக்கடியில் எழுத்து தெளிந்தது. இந்த அட்டை சாகும்போது, எதிராளியிடம் செத்துக் கிடக்கும் எந்த அட்டையையும் உயிரோடு உன் பக்கம் கொண்டுவரலாம். இரண்டு முறை படித்தேன். பூஜ்யம் என்று நாங்கள் டீ கிளாஸை மூடிவைத்த கிழவன், தான் செத்து மற்றவனின் டிராகனை ஓட்டிக்கொண்டு வருகிறவன்.

மறுநாள் கரண்ட் போனதும் நானே அவளை ஆட்டத்துக்குக் கூப்பிட்டேன். பாதி ஆட்டத்தில் அவளுடைய கல் ராட்சசன் செத்தான். நான் ஓடக்காரனை வைத்தேன். அவன் செத்ததும் கை நீட்டி அவளுடைய ராட்சசனை எடுத்து என் பக்கம் நிறுத்தினேன்.

"ஏய், என்ன பண்றீங்க?" என்றார் நெட் சார்.

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். தன் ஓடக்காரனை வைத்தாள், சாகவிட்டாள், என் பக்கத்தில் செத்துக் கிடந்த டிராகனை எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கினு ஏமாத்துறீங்க" என்று அண்ணன் எழுந்துவிட்டார். அட்டையைக் காட்டினோம். நெட் சார் வாசலுக்குப் போய் வெயிலில் வைத்துப் படித்தார். "இது பிரின்டிங் தப்பு. இல்லன்னா எங்க அண்ணா சொல்லியிருப்பானே" என்று சொல்லி, கரண்ட் வந்ததும் சிங்கப்பூருக்கு மெயில் போட்டார். பதில் வரும்வரை ஆட்டம் இல்லை. அந்த நாட்களில் அவர்கள் இருவரும் எங்களைத் தாண்டிப் போகும்போது பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். நாங்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசவும் பயந்தோம். பேசினால் கூட்டு என்று உறுதியாகிவிடும்.

சிங்கப்பூர் அண்ணனிடமிருந்து பதில் வந்தது. அந்த அட்டையை வைத்திருப்பவனிடம் இங்கே யாரும் லேசில் மோத மாட்டார்கள், படிக்காமலா விளையாடினீர்கள் என்று எழுதியிருந்தார். நெட் சார் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "பெட்டி என்னுது" என்று எல்லா அட்டைகளையும் திரும்ப வாங்கிக்கொண்டார். அவள் மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். அவ்வளவு சுலபமாகக் கொடுத்ததும் எனக்கு உறுத்தியது.

வேலை முடிந்து இறங்கும்போது கேட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"முதல் நாளே படிச்சுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நீ படிச்சியே, சொன்னியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். நீ என்னையே முறைச்சுப் பாத்துக்கினு இருந்தியா, நெட் சார் உன்னை வேவு பார்க்க வெச்சிருக்காருன்னு நெனச்சேன் என்றாள். தெருமுனைவரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனோம். அவள் கல்யாணமாகிப் போகும்வரை தினமும் அப்படித்தான் சேர்ந்து நடந்தோம்.

நெட் சார் கொஞ்ச நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தார். இந்தத் தடவை ஒவ்வோர் அட்டையையும் உரக்கப் படித்தபிறகே வைக்க வேண்டும் என்று சட்டம். ஒவ்வொரு வரிக்கும் சண்டை வந்தது. ஓர் ஆட்டம் முடிவதற்குள் கரண்ட் வந்துவிடும்.