வழியனுப்பு கேசட்

இப்போது அண்டர்கிரவுண்ட் ஹிப்-ஹாப் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் பாடியது தண்ணீர்த் தொட்டிக்கு அடியில். அந்த வகையில் நாங்களும் அண்டர்தான். மூன்று பேர். பட்டாபிராமிலிருந்து ரயிலில் வருகிறவன் பாட்டு எழுதுவான். பூந்தமல்லிக்காரன் வாயாலேயே டிரம்ஸ் வாசிப்பான். எச்சில் தெறிக்கும், எதிரே நிற்கக் கூடாது. நான் பாடுவேன். எங்களைக் கண்டதும் சுற்றிலும் ஜன்னல்களைச் சாத்துவார்கள். அதையே வரவேற்பாக எடுத்துக்கொண்டோம்.

நான் பிளஸ் டூ முடித்த வருஷம் அப்பா ரிட்டையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருநெல்வேலிக்கே போவதென்று வீட்டில் முடிவானது. என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு அது லீவுக்குப் போய்வந்த ஊர், அவ்வளவுதான். நான் போய்விட்டால் குழு கலைந்துவிடும், அதற்குள் கடைசியாக ஒரு கேசட் போட்டுவிடலாம் என்றார்கள் மற்ற இருவரும்.

பூந்தமல்லிக்காரனின் மாமா கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். மதியம் அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் கடையை எங்களுக்குக் கொடுத்தார். ஒரே மைக். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் கிடையாது. நடுவில் தப்பினால் பாட்டை முதலிலிருந்து பாட வேண்டும். சத்தம் விழுமென்று ஃபேனையும் நிறுத்திவிட்டோம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கடைசிப் பாட்டு மட்டும் வம்பு செய்தது. 'ஊடு மாறலாம், ஊரு மாறாது, நான் இங்கதான் கீறேன்' என்று முடிக்க வேண்டும். நான் 'இருக்கிறேன்' என்பதை 'இருக்கிறது' ஆக்கி, 'இங்கதான் கீது' என்று முடித்துவிட்டேன். வீட்டில் நெல்லைத் தமிழ், வெளியே மெட்ராஸ் பாஷை என்று வளர்ந்த குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கெல்லாம் வருகிற தடுமாற்றம்தான். எல்லாவற்றுக்கும் ஒரு 'கீது' போட்டால் மெட்ராஸ்காரன் ஆகிவிடலாம் என்று எங்களுக்கு நினைப்பு. யார் கேட்கப்போகிறார்கள், இருக்கட்டும் என்றான் பூந்தமல்லிக்காரன். எழுதியவன் விடவில்லை.

"கீதுன்னா சாமானுக்குச் சொல்றதுடா. நீ இன்னா பீரோவா, லாரில ஏத்தினு போறதுக்கு?"

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் நிஜமாகவே பீரோவைக் கோணி சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். அதற்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று அப்போதுதான் கோபம் வந்தது. கேசட்டைப் பின்னால் ஓட்டச் சொன்னேன். முதலிலிருந்து பாடினேன். 'கீறேன்' வந்த இடத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அதே சூட்டோடு வீட்டுக்குப் போய், நான் ஊருக்கு வரவில்லை என்றேன். அம்மா அழுதாள். அப்பா கட்டிக்கொண்டிருந்த மூட்டையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"சோத்துக்கு என்னல செய்வ?"

வேலைக்குப் போவேன் என்றேன். போகவும் செய்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் கம்பெனி, தங்குவதற்குப் பட்டாபிராமில் ஓர் அறை. வாராவாரம் ஷிஃப்ட் மாறும். நான் ஓய்வாக இருக்கும்போது பாட்டு எழுதுகிறவன் கல்லூரியில் இருப்பான். பூந்தமல்லிக்காரன் மாமா கடையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சேரலாம் என்று பேசிக்கொள்வோம். ஞாயிறு வந்தால் எனக்குத் தூக்கம் தேவைப்பட்டது.

ஊரைவிட்டுப் போகிறவனுக்காகப் போட்ட கேசட் அது. அவன் போகவில்லை, பாட்டுதான் போனது. மூன்று பேரும் ஒரு பஸ் தூரத்தில்தான் இருந்தோம், ஆனாலும் மறுபடி ஒரு வரிகூடச் சேர்ந்து பாடவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. தங்கியதில் இல்லை.