தாழ்வாரத்துப் படிப்பு

அந்த வாத்தியாரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் கேம்பின் பள்ளிக்கூடம் சர்க்கார் மானியத்தில் நடந்தது. ஆனாலும் சுரங்கத்தில் இறங்குகிற எங்கள் சாதிக்காரர் பிள்ளைகள் உள்ளே உட்காரக் கூடாது. வெளியே தாழ்வாரத்தில்தான் இடம். வெயில் ஏற ஏற நிழல் பார்த்து நகர்ந்துகொள்வோம். சாரல் அடித்தால் அன்றைக்குப் படிப்பே இல்லை. என்னை உள்ளே உட்கார வைக்க வேண்டும் என்று அப்பா முன்சீப் கோர்ட்டில் பள்ளிக் கமிட்டி மேல் பிராது கொடுத்தார். சுரங்கத்து மேஸ்திரி மிரட்டிப் பார்த்தார். அப்பா மசியவில்லை. வக்கீல் வைக்க வக்கில்லை, தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் வாத்தியார் எங்கள் லைன் வீட்டு வாசலுக்கே வந்தார். அம்மா முறத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"பொண்ணையும் கோர்ட்டுக்குக் கூட்டினு போ. முன்சீப் எதிர்ல தடங்கல் இல்லாம படிச்சுக் காட்டட்டும். இவ்ளோ கெட்டிக்காரப் பொண்ண வெளிய குந்த வச்சீங்களேன்னு அவரே கேப்பாரு," என்றார்.

"நீங்க சொன்னா சரிங்க," என்றார் அப்பா. அவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்ததா என்ன? வாத்தியாரே நம் பக்கம் என்று பூரித்துப் போனேன்.

மறுநாள் அப்பா ஷிப்டை விட்டுவிட்டு ஊரிகம் ஸ்டேஷனில் என்னை ரயில் ஏற்றிக் கூட்டிப்போனார். முன்சீப்புக்குத் தமிழ் தெரியும். பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தார். கணீரென்று படித்தேன். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அடுத்து வாத்தியார் கூண்டில் ஏறினார், கமிட்டியின் சாட்சியாக. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"உள்ள இருக்கிற எந்தப் பையனும் இப்படிப் படிக்க மாட்டான். தாழ்வாரத்துல உக்காந்ததால இந்தப் பொண்ணுக்கு ஒரு குறையும் வரலைங்க."

முன்சீப் தலையாட்டினார். படிப்பு கிடைத்திருக்கிறது, நஷ்டம் ஒன்றும் இல்லை என்று பிராதைத் தள்ளிவிட்டார். அந்தத் தீர்ப்பைக் காட்டியே பின்னால் எத்தனையோ பிள்ளைகளை வெளியே உட்கார வைத்தார்கள். என் வாயாலேயே அத்தனை பேருக்கும் கதவை அடைத்தாயிற்று.

வெளியே வரும்போது வாத்தியார் என்னைக் கடந்து போனார். "நல்லா படிச்ச," என்று சொல்லிவிட்டுப் போனார். பாவி மனுஷன்.

எங்கள் ஸ்டேஷன் வந்து இறங்கிய பிறகுதான் அப்பா கேட்டார்.

"இன்னாத்துக்கு அவ்ளோ நல்லா படிச்ச? கொஞ்சம் திக்கித் திக்கிப் படிச்சிருக்கக் கூடாதா?"