காத்தாயிக்குச் சொல்ல வேண்டிய சேதி

என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. பழைய வாரப் பத்திரிகை ஒன்றிலிருந்து கிழித்தது. எட்டாக மடித்து வைத்ததில், மடிப்பு விழுந்த இடத்திலெல்லாம் எழுத்து உதிர்ந்துவிட்டது. ஒரு பக்கம் பல்பொடி விளம்பரம். மறுபக்கம் ராஜா காலத்துத் தொடர்கதை ஒன்றின் நடுவிலிருந்து ஒரு துண்டு. மேலே ஒரு படம்: இடுப்பில் கருக்கரிவாளைச் செருகி, கண்ணுக்கு மேல் கையை வைத்து, வரப்பில் நின்றபடி தூரத்தைப் பார்க்கிறாள் ஒரு பெண்பிள்ளை. அவள் பெயர் காத்தாயி. கதையில் குதிரை ஏறிப் போன வீரனுக்கு அம்மா. அவள் முந்தானை மேல் அரக்கு நிறத்தில் ஒரு விரல் தடம் இருக்கிறது. அது எங்கள் அக்காவுடையது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் கல்யாணமாகிச் சின்ன காஞ்சிபுரத்து வீட்டுக்கு வந்தபோது அங்கே இரண்டு குழித்தறிகள் ஓடின. ஒன்றில் அக்காவின் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர்; ஒன்றில் என் வீட்டுக்காரர். மாமியார்தான் எல்லாம். அக்கா தாமல் கிராமத்தில் கழனி வைத்துப் பிழைக்கிற வீட்டில் பிறந்தவர். நாற்று முடியைப் பிடித்துப் பழகிய விரல், பட்டு இழையைப் பிடித்தால் இழை அறுந்துவிடும். நாடாவில் போடுகிற ஊடு நூலை ராட்டையில் தாராகச் சுற்ற அவருக்கு வரவே இல்லை. “தாமல்காரி தார் சுத்தினா வைக்கோல் பிரி மாதிரி இருக்குது” என்று மாமியார் எடுத்து எடுத்துக் காட்டுவார். அக்காவும் அதைப் பார்த்து, “ஆமா அத்தே, மாட்டுக்குப் போட்டா தின்னுடும்” என்று சொல்லிவிட்டுப் பிரித்துத் திரும்பச் சுற்றுவார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

நான் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் மாமனார் தவறியிருந்தார். அன்றைக்குத் தாமலில் பேய் மழை, ஏரி உடைகிற மாதிரி இருந்ததாம். ஊரோடு சேர்ந்து கரைக்கு மண் கொட்டிக்கொண்டிருந்த அக்காவின் அம்மா, மறுநாள்தான் சேற்றுக் காலோடு வந்து நின்றார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சம்பந்தி சாவுக்கு மேல் கழனி பெரிதாகப் போய்விட்டதா என்று மாமியார் கேட்டார். அந்த அம்மாவுக்கு விதவைக் கோலம், தனியாள், வாய் பேசத் தெரியாது. நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு மாமியார் சொன்ன வார்த்தைதான் அந்த வீட்டின் சட்டம். அந்த அம்மா இங்கே வரக்கூடாது. இங்கேயிருந்து யாராவது அங்கே போனால் திரும்பி வரக்கூடாது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். அக்கா போகவில்லை.

நான் அஞ்சாவது வரை படித்தவள். வீட்டுப் பெண்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாமா வாராவாரம் வாங்கி வருகிற பத்திரிகையை, மத்தியானம் சாப்பாடு முடிந்து ராட்டையண்டை உட்காரும்போது, அக்காவுக்கு நான் வாசித்துக் காட்டுவேன். நாலு பேர் எதிரில் எனக்குக் குரல் வராது. இரண்டு தறியும் ஓடுகிற சத்தத்தில் ஆண்களுக்குக் கேட்காது என்கிற தைரியத்தில் வாசித்தேன்.

அந்தத் தொடர்கதையின் முதல் வாரத்தில் காத்தாயி தன் ஒரே பிள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்புகிறாள். அவள் புருஷன் முன்னமே ராஜாவுக்காகச் சண்டைக்குப் போய்த் திரும்பாதவன். பிள்ளையும் போகிறேன் என்றபோது அவள் தடுக்கவில்லை. நடவுக்கு வந்துவிடு என்று மட்டும் சொன்னாள். அவனும் சரி என்றான். அதற்கப்புறம் கதை அவனோடு போய்விட்டது. கோட்டை, சுரங்கம், ஒற்றன், இளவரசி. காத்தாயி எப்போதாவது நாலு வரி வருவாள். அக்காவுக்கு வேண்டியது அந்த நாலு வரிதான். வாள் சண்டை நடக்கும்போது தார் சுற்றிக்கொண்டிருப்பார். காத்தாயி பேரைக் கேட்டால் ராட்டை நின்றுவிடும். வாசித்து முடித்ததும் படத்தைக் காட்டச் சொல்லிப் பார்ப்பார்.

கதை எழுதியவருக்கு வெள்ளாமை தெரியாது. ஒரு வாரம், சித்திரை மாசத்து வெயிலில் ஏரி தளும்ப, காத்தாயி நாற்று நட்டாள் என்று எழுதியிருந்தார். அக்கா சிரித்த சிரிப்பில் தார் உருண்டு தறிக்குழியில் விழுந்தது. “சித்திரையில ஏரியில தண்ணி எங்கம்மா இருக்குது? ஆடுதான் மேஞ்சிக்கினு இருக்கும். ஆவணியில நாத்து வுட்டு, மழை புடிச்சதும் நடணும். அந்த ஆளுக்கு யாராவது ஒரு கடுதாசி போடுங்களேன்” என்றார். அடுத்த வாரம் நான் வாசிக்கும்போது, காத்தாயி ஆவணியில் நாற்று விட்டதாக ஒரு வரியை நானே சேர்த்துச் சொன்னேன். அக்காவுக்கு ஒரே சந்தோஷம், திருத்திக்கொண்டான் பார் என்று. அதிலிருந்து அவர் குறை சொல்வார், மறுவாரம் நான் திருத்துவேன். காத்தாயிக்கு ஒரு செவலை மாடும் ஒரு மயிலை மாடும் வந்தன. மதகுத் தண்ணீருக்கு முறை வைத்துப் பக்கத்துக் கழனிக்காரனோடு சண்டை போட்டாள். அச்சில் இல்லாத காத்தாயி கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தாள்.

ஒருநாள் அக்கா தார் சுற்றியபடியே, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, “அந்தப் புள்ளை எப்ப ஆத்தாளைப் பாக்கப் போவுதோ, அன்னிக்கு நானும் போவேன்” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் நான் பத்திரிகையைப் பிரிக்கும்போது என் முகத்தையே பார்ப்பார்.

தாமலிலிருந்து கீரை கொண்டுவருகிற அம்மா ஒருத்தர் உண்டு. அந்த ஐப்பசியில் அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மாமியார் உள்ளே போன நேரம் பார்த்து அக்காவிடம் சொன்னார்: “உங்கம்மாவுக்குக் காலு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. நாத்து முத்திப் போச்சு. நட ஆளில்லாம வரப்புல உக்காந்துக்கினு இருக்குது.” அக்கா கீரையை வாங்கி உள்ளே வைத்தார்.

அன்று மத்தியானம்தான் இந்தத் தாள் என் கைக்கு வந்தது. போர்க்களத்தில் ஒரு ஒற்றன் ஓடி வந்து வீரனிடம் சொல்கிறான், உன் தாய் காத்தாயி இறந்துவிட்டாள் என்று. வீரன் ஒரு கணம் கண்ணை மூடினான். பிறகு குதிரையைத் தட்டிவிட்டான். அவ்வளவுதான். இரண்டு வரி. அதற்கப்புறம் சண்டை. முந்தின வாரம் வரைக்கும் கழனியில் நின்றவளை இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். அதை வாய்விட்டுச் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். அக்கா ராட்டையை நிறுத்திவிட்டு, இன்னா ஆச்சு, படிமா என்றார்.

நான் தாளைப் பார்த்தபடியே வாசித்தேன். வீரன் சண்டையை விட்டுவிட்டுக் கிளம்பினான். பாலாற்றைத் தாண்டினான். ஏரிக்கரை மேல் வந்து, மதகுக் கல்லில் குதிரையைக் கட்டினான். கீழே சேற்றில் குனிந்து காத்தாயி ஒருத்தியாக நட்டுக்கொண்டிருந்தாள். அம்மா என்று கூப்பிட்டான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். எங்கிருந்து எனக்கு அந்தப் பேச்சு வந்ததோ தெரியாது. “வந்துட்டியா. காலு கழுவாத, அப்படியே எறங்கு. நாத்து முத்திப் போச்சு” என்று காத்தாயி சொன்னதாக வாசித்தேன்.

“எங்கம்மா பேசற மாதிரியே எழுதியிருக்கான் பாரு” என்றார் அக்கா. படத்தைக் காட்டு என்று தாளைத் தன் பக்கம் இழுத்தார். வேர்த்த விரலில் இருந்த பட்டுச் சாயம் காத்தாயியின் முந்தானையில் ஒட்டியது. அவர் விரலுக்கு நேர் கீழே, படத்தை ஒட்டித்தான் அந்த இரண்டு வரியும் இருந்தன.

மறுநாள் காலை அவர் குளித்து, இரண்டு புடவையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மாமா தறியில் இறங்கியிருந்தார். அவர் நாடாவை வீசாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. வாசலில் மாமியார் நின்றார். அக்கா குரலை உயர்த்தவே இல்லை. “அத்தே, நாத்து முத்திப் போச்சு. நட்டுட்டு வந்துடறேன்” என்றார். “நட்டுட்டு அங்கயே இரு” என்றார் மாமியார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். நாலு நாளில் வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வார்த்தைக்கு வார்த்தை அப்படிப் பிடித்துக்கொள்வார்களா என்ன. அவர் பாதியில் விட்ட தாரை நான் தொடாமல் கூடையிலேயே வைத்திருந்தேன்.

மாமியார் பிடித்துக்கொண்டார். அக்காவும் ஆள் விட்டுக் கெஞ்சவில்லை. அவர் அம்மா அந்த சம்பா அறுப்பைக் கண்ணால் பார்த்துவிட்டு மாசியில் போனார். நாலு மாசம் பிள்ளை கூட இருந்தாள் என்று கீரைக்காரம்மா வந்து சொன்னார். அந்தக் கழனியை அப்புறம் அக்காதான் பார்த்துக்கொண்டார். தறிகள் ஓடாத அமாவாசை அன்றைக்கு மாமா சைக்கிளில் தாமலுக்குப் போய்விட்டு, வேட்டி நுனியில் சேறோடு வருவார். மாமியார் ஒன்றும் கேட்க மாட்டார். மாமியார் காலத்துக்குப் பிறகு மாமா போனவர் போனவர்தான். அவர் அங்கேயே இருந்துவிட்டார்.

நான் என்ன ஆனேன் என்று கேட்டால், மத்தியானத்தில் தனியாக உட்கார்ந்து தார் சுற்றினேன். கதையை நான் பிறகு வாசிக்கவில்லை. வாசிக்க வாயே வரவில்லை. அவரைப் போகச் சொல்லி வாசித்தது நான். போனது நல்லதுதான், போகாமல் இருந்திருந்தால் பாவம். ஆனாலும் அந்த வீட்டில் என்னோடு சிரித்துப் பேச இருந்த ஒரே ஆளை நானே வாசித்து அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். அந்த மத்தியானங்கள் மட்டும் திரும்பவில்லை. ராட்டை சத்தம் சட்டென்று நிற்கும்போது, யாரோ காத்தாயி பேரைக் கேட்டுவிட்டார்கள் என்று இப்போதும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

அக்கா தாமலுக்குப் போன மறு வருஷம், தை மாசத்தில், கீரைக்காரம்மா ஒரு சின்ன மூட்டைப் புது அரிசியை என்னிடம் கொடுத்தார். “அக்கா குடுத்துச்சு. காத்தாயி எப்படி இருக்குதுன்னு கேட்டுக்கினு வரச் சொல்லுச்சு” என்றார். நல்லா இருக்குது, அறுப்பு முடிஞ்சிடுச்சுன்னு சொல்லு என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது. தையில் ஒரு தடவை, நடவு சமயத்தில் ஒரு தடவை அக்கா கேட்டு அனுப்புவார், நான் சொல்லி அனுப்புவேன். தாமல் ஏரி நிரம்பவில்லை என்று கேள்விப்பட்டால் காத்தாயியும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். மயிலை மாடு செத்துப்போய், கன்று வாங்கினாள். மகனுக்குக் கல்யாணம் செய்து வைத்தாள். தலை நரைத்தது, குனிந்து நட முடியாமல் வரப்பில் உட்கார்ந்து ஆட்களை ஏவினாள். கீரைக்காரம்மாவுக்கு அவள் எங்கள் சொந்தக்காரி என்றுதான் எண்ணம். “அந்தம்மா வூடு எந்தத் தெருவுல இருக்குது? அங்கயும் ரெண்டு கட்டு போட்டுட்டுப் போறேனே” என்று ஒருமுறை கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, தூரம்மா என்றேன்.

போய்ப் பார்த்திருக்கலாம்தான். மாமியார் போனபின் தடுக்க யாருமில்லை. ஆள் மூலம் சொல்லும்போது காத்தாயி உயிரோடு இருப்பாள். நேரில் உட்கார்ந்து அக்கா என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் எனக்குப் பொய் நிற்காது. அந்தப் பயத்தில் வருஷங்கள் போய்விட்டன. மாமா காலமானபோது போனேன். கூட்டத்தில் கட்டிக்கொண்டு அழுதோம். அந்த அழுகைக்கு நடுவில் அக்கா என் காதுக்குள், “அவ எப்படிக்கீறா?” என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். யாருக்கு யார் ஆறுதல் சொன்னோம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

போன ஐப்பசியில் அக்காவிடமிருந்து கேள்வி வரவில்லை. இப்போது கீரை கொண்டுவருவது அந்த அம்மாவின் மருமகள், ஸ்கூட்டியில் வருகிறாள். அவள்தான் வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் சேதியைச் சொன்னாள். நட்டு முடித்த மறுநாளாம். அக்கா மோர் கேட்டாராம், கொண்டுவருவதற்குள் போய்விட்டாராம்.

பிள்ளை என்னைக் காரில் அழைத்துப் போனான். எல்லாம் முடிந்து பெண்கள் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, அக்காவின் சித்தப்பா வீட்டுத் தம்பியின் மருமகள் என் பக்கத்தில் வந்தாள். நல்ல பெண். தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். “ஒருத்தருக்கு மட்டும் சேதி சொல்ல முடியலம்மா. காத்தாயின்னு காஞ்சிபுரத்துப் பக்கம் யாரோ. பெரியம்மா உசுரோட இருக்கறப்பவே சொல்லி வெச்சிருந்தாங்க, நான் போனா அவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அவ கழனியில இருப்பா, நீங்க நேரா போவாதீங்க, எங்க தங்கச்சி மூலமா சொல்லுங்கன்னு. போன் நம்பர் கூட இல்ல. நீங்க சொல்லிடறீங்களா?”

வாசலுக்கு வெளியே ஏரித் தண்ணீர் வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது. அதற்கப்பால் நட்டு இரண்டு மூன்று நாளான கழனி, இன்னும் பச்சை பிடிக்காமல் மஞ்சளாக நின்றது. நான் சொல்லிடறேம்மா என்றேன்.

வீட்டுக்கு வந்து மறுநாள் மத்தியானம் பீரோவைத் திறந்து தாளை எடுத்தேன். மடிப்பை மெல்லப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டேன். கூடத்தில் மகனுடைய தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு வரியில் ஒன்று மடிப்போடு போய்விட்டிருந்தது. படத்தில் காத்தாயி அரக்குத் தடம் பட்ட முந்தானையோடு, கண்ணுக்கு மேல் கையை வைத்து, வருகிற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். அவளைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வரவில்லை. அக்கா நட்டு முடித்துவிட்டார், வந்துவிடுவார் என்று மட்டும் மெதுவாக வாசித்துவிட்டு, தாளை மடித்து வைத்தேன்.

சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். பயிர் இப்போது கதிர் வாங்கிவிட்டது என்கிறார்கள். இன்னும் சொல்லவில்லை.