வெள்ளையில் வெள்ளை

போன வாரம் என் மகன் லேப்டாப்பில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து அதற்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தான். எழுத்துக்குப் பச்சை, தலைப்பட்டையில் அவன் பெயர். அவன் கல்லூரியில் ஆளாளுக்கு இப்படித்தான் வைத்திருக்கிறார்களாம். "கமாண்ட் பிராம்ப்ட்டும்மா இது. உனக்குப் புரியாது" என்றான். நான் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவனைக் கொஞ்சம் நகரச் சொல்லி, நின்றபடியே ஒரு வரி அடித்தேன். ஜன்னல் முழுக்கக் கருநீலமாகி, எழுத்து பளிச்சென்று வெள்ளையானது. பையன் பார்த்த பார்வைக்காகவே அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாக வார்த்தேன்.

அந்த வரியை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. மரக்காணம் உப்பளத்தை ஒட்டியிருந்த லாரி எடைமேடையில் கற்றுக்கொண்டது. வே பிரிட்ஜ் என்றால்தான் டிரைவர்களுக்குப் புரியும். கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த கோடை அது. படகு போய், அப்பா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் டைப்ரைட்டிங் பாஸ் செய்த ஒரே ஆள் நான்தான். அனுமந்தையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். மீன் பிடிக்கிற வீட்டுப் பெண் உப்புக்கு எடை போடப் போகிறாள் என்று தெருவில் கேலி செய்வார்கள். கருவாட்டுக்கு இரண்டும் வேண்டும்தானே என்பேன்.

எடைமேடை அறை என்றால் ஏதோ ஆபீஸ் என்று நினைத்துவிடாதீர்கள். தகரக் கூரை, ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கிர்ர் கிர்ர் என்று அழுகிற பிரிண்டர். மேசை பிளாஸ்டிக், அதனால் தப்பித்தது. மற்ற எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்றுகொண்டிருந்தது. மின்விசிறி இறக்கையிலிருந்து துரு உதிர்ந்து டீயில் விழும். மவுஸுக்கு மனம் வந்தால் நகரும், இல்லையென்றால் தட்ட வேண்டும்.

உப்பைவிடப் பெரிய எதிரி வெளிச்சம். எதிரே கண்ணுக்கெட்டின மட்டும் பாத்திகள், வரப்பெல்லாம் அம்பாரம் அம்பாரமாக வெள்ளை உப்பு. உச்சி வெயிலில் அந்த வெளிச்சம் அப்படியே உள்ளே வந்து கம்ப்யூட்டரில் விழும். எங்கள் எடை புரோகிராம் ஓடியது இதே கறுப்பு ஜன்னலில்தான். கறுப்பில் எழுத்து தெரியாது, நம் முகம்தான் தெரியும். சீட்டு வாங்க வரும் டிரைவர்கள் அதைப் பார்த்துத் தலை சீவுவார்கள். நான் வண்டி நம்பரை அடிக்கிறேனா, என் மூக்கை அடிக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

அதற்கு வழி கண்டுபிடித்தவன் சேகர். மதியத்துக்குமேல் என் இடத்தில் உட்காரும் ஆள், திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் படித்தவன். கலர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, இரண்டு எழுத்து. "மொதல்ல தரை, அப்புறம் எழுத்து. கோலம் போடற மாதிரி வச்சிக்க" என்று சொல்லிக்கொடுத்தான். ஒன்று என்றால் நீலத் தரை, எஃப் என்றால் வெள்ளை எழுத்து. உப்பு வெளிச்சத்துக்கு அதுதான் தாங்கியது. பிறகு எழுத்தைப் பெரிதாக்கினோம். ஜன்னலின் தலைப்பட்டையில் முதலாளி ஆசைப்பட்டபடி அம்மன் துணை என்று போட்டோம். அது தமிழை ஏற்காததால் அம்மனும் ஆங்கிலத்தில்தான் வந்தாள். பிராம்ப்ட் என்கிற வரி ஆரம்பத்தில் சேகர் தன் பெயரை வைத்துக்கொள்வான், காலையில் நான் வந்து என் பெயரைப் போடுவேன். பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போடுவதைப் போலத்தான்.

முதலாளிக்கு அப்போதுதான் ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். அதிலிருந்து அவருக்கு எதைப் பார்த்தாலும் பளிச்சென்று இருக்க வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார், லாரி ஏறும் மேடையின் ஓரத்துக்கு வெள்ளை அடித்தார். கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவைப்பாரா?

இனி கமலாக்காவைச் சொல்ல வேண்டும். பல வருஷம் அடுத்தவர் பாத்தியில் உப்புக் கூடை சுமந்தவள். அந்த வருஷம்தான் முதல்முறையாகத் தனியாகக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று சொன்னவர்கள் அதிகம். நிலத்துக்காரர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: இந்தப் பருவத்து உப்பு விற்றுக் குத்தகை கட்டினால் பாத்தி அவளுக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு. அவளுடைய உப்பு மொத்தமும் ஒரே அம்பாரமாகக் கிடந்தது. லாரி வருகிறது என்று தகவல் வந்ததும் மேலே மூடியிருந்த தென்னங்கீத்தையெல்லாம் அவளே பிரித்துவிட்டாள். கீத்தைப் பிரித்த உப்பும் கூரை பிரித்த வீடும் ஒன்று என்பார்கள் எங்கள் பக்கத்தில்.

காலி வண்டியை முதலில் எடை போட்டுச் சீட்டு வாங்கினால்தான் உப்பு ஏற்ற முடியும். கையால் எழுதிய சீட்டை, உப்பு வாங்குகிற கம்பெனி ஏற்காது. யாரோ எங்கேயோ செய்த தில்லுமுல்லுக்கு எல்லோருக்கும் தண்டனை.

அன்றைக்கு சேகர் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தான், நாள் முழுக்க நான்தான். மதியம் பின்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முதலாளி என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மவுஸைத் தட்டித் தட்டி நகர்த்தி, சேகர் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில், தரைக்கு நல்ல வெள்ளையாகப் பார்த்து வைத்திருக்கிறார். எப்போதும் இப்படியே இருக்கட்டுமா என்று அது கேட்டதற்கும் சரி என்றிருக்கிறார். எழுத்து ஏற்கெனவே வெள்ளை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

நான் கை கழுவிவிட்டு வந்தால் ஜன்னல் வெறும் வெள்ளையாக இருக்கிறது. அதே நேரம் கமலாக்காவின் லாரி மேடையில் ஏறி நிற்கிறது. தெற்கே, கூனிமேடு பக்கம் வானம் கறுத்துவிட்டது. வைகாசி மழை சொல்லிக்கொண்டு வராது.

அணைத்துப் போட்டேன். புரோகிராம் தானாகத் திறந்தது, மறுபடியும் வெள்ளை. மவுஸைத் தட்டினேன், அது நகரவே இல்லை. முதலாளி வாசலில் நின்று வைரஸாக இருக்கும் என்றார். பாண்டிச்சேரி மெக்கானிக்குக்குப் போன் போட்டார், நாளைக்கு வருகிறேன் என்றான். நான் செய்ததம்மா என்று அந்த மனுஷர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிமிஷத்தில் முடிந்திருக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

"ஏம்மா, வண்டிய எடுக்கவா, நிக்கவா? எனக்கு வேற லோடு இருக்குது" என்று டிரைவர் ஜன்னல் வழியாகக் கேட்டார். அவர் போய்விட்டால் அன்றைக்கு வேறு லாரி கிடைக்காது. ஈரக்காற்று உள்ளே வந்து மேசைமேல் இருந்த சீட்டுகளைப் புரட்டியது. நனையப்போகிற உப்புக்கு ஒரு வாடை உண்டு, சேறும் இரும்பும் சேர்ந்த மாதிரி. அந்த வாடை வந்துவிட்டது.

கமலாக்கா கத்தவில்லை, அழவில்லை. நிலைக்கால் பக்கத்தில் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒன்னால முடியும்னா சொல்லு. முடியாதுன்னாலும் இப்பவே சொல்லிடும்மா. கீத்த திரும்பப் போடணும், ஒரு பக்கமாச்சும் மூடிப் பாக்கறேன்" என்றாள். எனக்கு முடியும் என்று சொல்லவும் பயம், முடியாது என்று சொல்லவும் பயம்.

ஆத்திரத்தில் கீபோர்டில் எதையோ அடித்தேன். அப்போதுதான் பார்த்தேன். வெள்ளைக்குள் குட்டியாக ஒரு கறுப்புக் கோடு சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் எழுத்தைத் தட்டத் தட்ட அது வலப்பக்கம் நகர்ந்தது. எழுத்தெல்லாம் உள்ளேதான் இருக்கிறது! வெள்ளைத் தரையில் வெள்ளைக் கோலம்.

"கொஞ்சம் இரு, அக்கா" என்றேன்.

அடித்த குப்பையை அழித்தேன். புரோகிராமிலிருந்து வெளியே வர சைபர், பிறகு ஆமாம் என்பதற்கு ஒய் அடித்தேன். வந்தேனா இல்லையா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. கோடு மட்டும் இடது ஓரத்தில் கொஞ்சம் தள்ளி வந்து நின்றது. அங்கே கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது காலையில் நான் போட்ட என் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அணைத்துப் போட்டபோதே அது போயிருக்கும் என்று உடனே ஞாபகம் வந்தது. பதற்றத்தில் மனசு எங்கெல்லாம் போகிறது பாருங்கள். கலர், இடம், ஒன்று, எஃப். எண்டர். ஒன்றும் நடக்கவில்லை. தகரத்தில் முதல் சொட்டு விழுந்தது. அவசரத்தில் எந்த எழுத்து தப்பியதோ, அதைப் பார்க்கவும் முடியாது. கண்ணை மூடிக்கொண்டேன். டைப்ரைட்டிங் கிளாஸில் கீபோர்டைத் துணியால் மூடி அடிக்கச் சொல்வார்கள், அதை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினேன்.

கண்ணைத் திறந்தபோது ஜன்னல் நீலமாக இருந்தது. புரோகிராமைத் திரும்ப ஓடவிட்டு வண்டி நம்பரை அடித்தேன்.

பிரிண்டர் சீட்டை முழுதாகத் துப்புவதற்குள் டிரைவர் கிழித்துக்கொண்டு ஓடினார். கமலாக்கா லாரியின் பின்பக்கம் தொற்றிக்கொண்டாள். மழை அவர்களைத் துரத்தியது. அம்பாரத்தில் கால்பங்கு பாத்தித் தண்ணீரோடு போனது. மீதி தார்ப்பாய்க்குள் பத்திரமாக ஏறிவிட்டது. நிறைந்த எடை போட வண்டி திரும்பி வந்தபோது அவள் தலையிலிருந்து உப்புத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பாத்தி அவளுக்கே நின்றது. முதலாளி இரண்டு நாள் கழித்துத்தான், யாரோ ஒருவருக்கு வந்த சந்தேகம் போல, "வெள்ளைல வெள்ள போட்டா தெரியாதாம்மா?" என்று கேட்டார்.

அந்த வாரமே கமலாக்கா அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று வந்தாள். பிராம்ப்ட்டில் என் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைப் போட்டுக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல எது எம் பேரு?" என்று கேட்டாள். தொட்டுக் காட்டினேன். ஈரமில்லாத புறங்கையால் அந்த இடத்தை மெல்லத் தடவினாள்.

அந்தப் பெயர் ஜன்னலை மூடினால் போய்விடும், கரண்ட் போனால் போய்விடும். எங்கள் பக்கத்தில் கரண்ட் எத்தனை முறை போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கல்யாணமாகி வேலையை விடும்வரை தினமும் காலையில் முதலில் அவள் பெயரைத்தான் அடிப்பேன். சேகரும் அதை மாற்றாமல் விட்டுவிட்டான், சண்டை அதோடு தீர்ந்தது.

சென்ற மாசியில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். எடைமேடை இருந்த இடத்தில் முள்ளுச்செடி மண்டிக்கிடக்கிறது. முதலாளி போய்விட்டார். சேகர் எங்கேயோ வெளிநாட்டில் என்றார்கள். கமலாக்கா இருக்கிறாளா என்று ஒரு பாத்தியருகே இறங்கி விசாரித்தேன், அங்கிருந்தவர்களுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை.

மகனின் லேப்டாப்பில் நீலத்தை வரவழைத்த கையோடு அவள் பெயரையும் அடித்துவைத்தேன். யாரும்மா இது என்று கேட்டான். சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே ஜன்னலை மூடிவிட்டுப் போனான்.